நட்சத்திரத்தை வீட்டிலேயே கட்டுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் விற்பனை களைகட்டியிருப்பதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியையும், கடை வாசலில் நட்சத்திரங்கள் வரிசையாகத் தொங்கும் படத்தையும் கண்டேன். படம் அழகாகவே இருந்தது. என் தோளருகே நின்று அதைப் பார்த்த பேத்தி, "ஆச்சி, நாமளும் இதுல ஒண்ணு வாங்கிருவோமா?" என்று கேட்டாள். என் தகப்பனார் கட்டிய மூங்கில் நட்சத்திரத்தின் கூடு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அது இருப்பதே பிள்ளைக்குத் தெரியவில்லை என்பது என்னை உறுத்தியது. 2023-க்குப் பிறகு நான் அதைக் கீழே இறக்கவில்லை. விரல் மூட்டு வலி ஒரு காரணம். கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்ற எண்ணம் இன்னொரு காரணம். இரண்டாவது காரணம் எங்கள் வீட்டில் மட்டும் உள்ளதன்று என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சாத்தான்குளத்துக்கு அப்பால், தேரி எனப்படும் செம்மணல் மேடும் உடை மரமும் பனையுமாகக் கிடக்கும் சிற்றூர் எங்களுடையது. பனையேற்றுத் தொழில் கோடையை நம்பியது. பதநீர் இறங்கும் மாதங்களில் கையில் புழங்கும் காசு மார்கழியில் இருக்காது. கருப்பட்டி விற்றதில் மிச்சம் பிடித்து வைத்த பணத்தில்தான் பிள்ளைகளுக்குப் புதுத்துணி, பண்டிகைப் பலகாரம், கோயில் காணிக்கை எல்லாம் நடந்தாக வேண்டும். அலங்காரத்துக்கென்று தனியாகச் செலவழிக்க எந்த வீட்டிலும் வழியில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டு நட்சத்திரமும் அந்தந்த வீட்டுத் திண்ணையில்தான் உருவானது. எங்கள் வீட்டில் அது தொடக்கப்பள்ளி ஆசிரியரான என் தகப்பனாரின் வேலை. நாங்கள் நான்கு பிள்ளைகளும் அவருக்குக் கையாட்கள்.

இரண்டடி நீளத்தில் பத்து மூங்கில் சிம்புகளைச் சீவி, கை கிழியாதபடி கண்ணாடித் துண்டால் வழித்து வைப்பார். ஒவ்வொரு சிம்பிலும் இரு முனைகளிலிருந்தும் ஒன்பது அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். ஐந்து சிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட வைத்தால், அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களில்தான் நட்சத்திரத்தின் நடுவிலுள்ள ஐங்கோணம் அமையும். கோடு பிசகினால் ஒரு கை நீண்டு மறுகை குறுகிவிடும். முனைகளில் விரியும் கோணம் 36 பாகை என்பதை நான் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அந்தத் திண்ணையில் கையால் தொட்டு அறிந்திருந்தேன். தண்ணீரில் ஊறவைத்த பனைநாரால் கட்டுவார். ஊறிய நார் காயக் காய இறுகும், ஆணியும் கம்பியும் தேவையில்லை. இப்படி இரண்டு கூடுகள் செய்து, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, நடு ஐங்கோணத்தின் ஐந்து மூலைகளிலும் ஐந்து குட்டைக் குச்சிகளை முட்டுக்கொடுத்தால், தட்டையாகக் கிடந்தது திடீரென்று புடைத்து நிற்கும். அந்த ஒரு கணத்துக்காக நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம்.

அதன் பின்பு காகிதம். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்த பசையை என் தாயார் தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்து வைப்பார்கள். சிறுபிள்ளைகள் அதில் கைவைக்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் வண்ணக் கண்ணாடித் தாள், பக்கவாட்டில் ஒடுங்கிய முக்கோணங்கள் பத்து, பின்புறத்து ஐங்கோணம் மட்டும் விளக்கு வைப்பதற்காகத் திறந்தே இருக்கும். ஒரு கை ஒட்டிக் காய்ந்த பிறகுதான் அடுத்த கையைத் தொட விடுவார். "ஈரம் காயட்டும், பொறு" என்பதுதான் அந்த நாள்களில் என் தகப்பனார் அதிகமாகச் சொன்ன வார்த்தை. பின்னாளில் நான் கணித ஆசிரியையாக இருந்தபோது, ஜெர்மனியில் நீஸ்கி என்னும் ஊரில் மொராவியன் சபையாரின் பள்ளியொன்றில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வடிவியல் பாடமாகவே பிள்ளைகளைக் காகித நட்சத்திரம் செய்ய வைத்தார்கள் என்று அறிந்தேன். எங்கள் தேரிக்காட்டு ஆசிரியருக்கு அந்தச் செய்தி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அதே பாடத்தை அவரும் நடத்தியிருக்கிறார் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இந்த வேலை ஒரே நாளில் முடிந்துவிடக் கூடாது என்பதில்தான் அதன் பொருளே இருக்கிறது என்று நான் கருதுகிறேன். எங்கள் சபைகளில் அட்வெந்து என்று வழங்கும் வருகைக் காலம், கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டது. ஆலயத்தில் வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்திகள் ஏற்றப்படும். நான்கும் எரிந்த பிறகே பண்டிகை. எங்கள் வீடும் அந்தக் கணக்கின்படியே நடந்தது. முதல் வாரத்தில் வீட்டுக்கு வெள்ளையடிப்பு. இரண்டாம் வாரத்தில் மூங்கில். மூன்றாம் வாரத்தில் காகிதம். முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுக்கும் மணமும் அச்சுமுறுக்கு வேகும் மணமும் நான்காம் வாரத்தில்தான் தெருவுக்கு வரும். சவுக்குக் கிளையை வெட்டி மண் நிரப்பிய பானையில் நட்டு நிறுத்துவது 24-ஆம் தேதி மாலையில். இடையன்குடியில் கால்டுவெல்லின் துணைவியார் எலிசா அம்மையார் தொடங்கிய லேஸ் பின்னலைக் கற்றுக்கொண்ட என் பாட்டியார் பின்னிய வெள்ளை விரிப்பு, பெட்டியிலிருந்து வெளியே வருவதும் அன்று மாலையில்தான். இரவுதோறும் பத்தமடைப் பாய் விரித்துக் குடும்ப ஜெபம் நடக்கும். அரைகுறையாக நிற்கும் நட்சத்திரம் மூலையில் தொங்க, என் தகப்பனார் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசிப்பார். "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்ற இடம் வந்ததும் சிறிது நிறுத்துவார். விளக்கம் எதுவும் சொன்னதில்லை. வாசல் கதவை அப்போது யாராவது தட்டினால் ஜெபத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் திறப்பார் என்பதை மட்டும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

திருமணத்துக்குப் பின் பாளையங்கோட்டைக்கு வந்தபோது இவற்றோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. அடுத்த வீட்டு ஆர்.சி. குடும்பத்தார், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் பெரிய குடில் வைப்பார்கள். புல்லுக்காகக் கேழ்வரகை ஈரத்துணியில் முளைகட்டித் தாம்பாளத்து மண்ணில் தூவி, வெயில் படாமல் வளர்ப்பார்கள். அதைப் பார்த்த எதிர்வீட்டுச் சைவப்பிள்ளை ஆச்சி, "இது எங்க மொளப்பாரி மாதிரில்லா இருக்கு" என்று சொல்லி, எரு கலந்த மண்ணைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்று முதல் எங்கள் வீட்டிலும் ஒரு தாம்பாளம் முளைத்தது. ஞானிகள் மூவரின் பொம்மைகளைக் குடிலுக்குள் முதல் நாளே வைக்கக் கூடாது, ஜனவரி 6-ஆம் தேதிதான் வைக்க வேண்டும் என்பதும் அந்தக் குடும்பத்தாரிடம் நாங்கள் கற்றது. அதுவரை மூவரும் எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல் காத்திருப்பார்கள்.

நட்சத்திரமும் மரமும் வெளிநாட்டிலிருந்து வந்தவைதானே, அவற்றை எதற்குக் கட்டிக்காக்க வேண்டும் என்று என் உறவினர் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்விதான். திருநெல்வேலிச் சீமையில் இந்த விசுவாசம் நேற்று வந்ததன்று. குளோரிந்தா அம்மையாரின் ஆலயம் பாளையங்கோட்டையில் எழுந்தது 1785-இல். தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானது 1799-இல். மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் ஊசிக்கோபுரத்து ஆலயம் திறக்கப்பட்டது 1826-இல். எங்கள் கீர்த்தனைகளை இசைத்த வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் பிறந்ததும் இந்த நெல்லை மண்ணில்தான். இத்தனை தலைமுறைகளில் வெளியிலிருந்து வந்தவை எல்லாம் இங்கே பனைநாரால் கட்டப்பட்டு, சிரட்டைப் பசையால் ஒட்டப்பட்டு, எங்கள் கைக்கு ஏற்றபடி மாறிவிட்டன. எங்கிருந்து வந்தது என்பதைவிட யார் கை பட்டு உருவானது என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். பலகாரத்திலும் அப்படித்தான்: கேக்கை நாங்கள் கடையில் வாங்கினோம், முந்திரிக்கொத்தை ஒருநாளும் வாங்கியதில்லை.

மார்கழி பஜனையையும் இங்கே சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்பே பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஜால்ராவும் டோலக்குமாக வாலிபர்கள் கீர்த்தனை பாடிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். அதே நேரத்தில் இந்துக்களின் வீட்டு வாசல்களில் பெண்கள் கோலமிட்டுச் சாணத்தில் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருப்பார்கள். கோயிலிலிருந்து திருப்பாவை கேட்கும். முன்னால் செல்லும் வயதான உபதேசியார் கையிலிருக்கும் விளக்கைத் தாழ்த்திக் கோலம் இருக்கும் இடத்தைக் காட்டுவார். பின்னால் வரும் அத்தனை பேரும் ஓரமாக ஒதுங்கி, வரிசை குலையாமல், பாட்டும் நிற்காமல் கடந்து செல்வார்கள். விளக்கு தாழ்ந்து உயர்வதைப் பார்த்தே எத்தனை வாசல்களில் கோலம் போட்டாகிவிட்டது என்று திண்ணையில் உட்கார்ந்து நான் எண்ணியிருக்கிறேன். இப்போது பல இடங்களில் அந்தப் பவனி சரக்கு வாகனத்தில் கட்டிய ஒலிபெருக்கியாகிவிட்டது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் உறக்கத்தைக் கலைத்துப் பாடுகிற பாட்டை, மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களுக்குத் தேவதூதர் சொன்ன நற்செய்தியோடு என்னால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. சபைப் பெரியவர்கள் இதில் கண்டிப்புக் காட்ட வேண்டும்.

அலங்காரமும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. நவம்பர் பாதியிலேயே தெருவுக்குத் தெரு போட்டியாகப் பெரிய நட்சத்திரங்கள் ஏறிவிடுகின்றன. யாருடையது உயரம் என்பதில் மனத்தாங்கல்கள் வேறு. சென்ற ஜனவரியில் பாளையங்கால்வாய்க் கரையில் நடந்து செல்லும்போது, கிழிந்த பிளாஸ்டிக் நட்சத்திரங்களும் சீரியல் செட்டுகளும் தண்ணீரில் கொடிபோல் சுற்றிக் கிடந்ததைக் கண்டேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சட்டத்தின் வரையறைக்குள் இந்த நட்சத்திரம் வருகிறதா என்று வாதிடுவது என் நோக்கமன்று. தாமிரபரணித் தண்ணீர் ஓடும் வாய்க்காலில், இரட்சகரின் பிறப்பை அறிவித்த அடையாளத்தைக் குப்பையாகப் போடுவது எனக்கு வேதனையாக இருந்தது. அதைத்தான் சொல்கிறேன். எங்கள் பழைய நட்சத்திரத்தில் ஆண்டுதோறும் மாறுவது காகிதம் மட்டுமே. கூடு அப்படியே இருக்கும். என் தகப்பனார் கட்டிய கூட்டில் இதுவரை இரண்டு சிம்புகள்தான் முறிந்து மாற்றப்பட்டிருக்கின்றன.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தச் சீமையில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் நடுவழியில் சிக்கிக்கொண்டார்கள், வண்ணார்பேட்டையும் சந்திப்பும் வெள்ளத்தில் மூழ்கின. 17-ஆம் தேதி அட்வெந்தின் மூன்றாம் ஞாயிறு. முந்திய மாலையில் நாங்கள் ஒட்டிவைத்திருந்த கண்ணாடித் தாள் ஈரக்காற்றில் பசை விட்டுத் தொங்கிவிட்டது. அடுத்த சில நாள்களில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து என் சித்தி மகள் குடும்பத்தார் ஐந்து பேர், உடுத்த துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வீட்டின் பின்சுவர் விழுந்துவிட்டது. எங்கள் சபையில் பண்டிகைச் செலவுக்கென்று வைத்திருந்ததை அரிசியாகவும் போர்வையாகவும் மாற்றினார்கள். எங்கள் தெருவில் மின்சாரம் வரும்வரை அனைத்து வீடுகளுக்கும் பால் கொண்டுவந்து கொடுத்தவர், வழக்கமாக எங்களுக்குத் துணி தைத்துத்தரும் மேலப்பாளையத்துப் பாய்.

அந்த ஆண்டு அலங்காரம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டில் முடிவாயிற்று. என் சித்தி மகள்தான் சம்மதிக்கவில்லை. வீட்டை இழந்து வந்தவள் அவள். "அக்கா, பெரியப்பா கட்டுன கூடு மேலதானே கெடக்கு, அதையாவது மாட்டுவோம்" என்றாள். கண்ணாடித் தாள் வாங்கக் கடை ஏதும் திறந்திருக்கவில்லை. வீட்டில் காயாத பொருள்களுக்கு நடுவே அலமாரி உயரத்தில் நனையாமல் இருந்தது தங்கள் நாளிதழின் பழைய கட்டு ஒன்றுதான். 24-ஆம் தேதி ஞாயிறு பிற்பகலில் ஐந்து பெரியவர்களும் நான்கு பிள்ளைகளும் சுற்றியிருந்து அதை ஒட்டினோம். இரவு வாசலில் ஏற்றியபோது அச்செழுத்துகள் வெளிச்சத்தில் தெரிந்தன. உள்ளே இருந்த பக்கத்தின் எழுத்துகள் வெளிப்பக்கத்தின் மேல் தலைகீழாகப் படிந்து, வாசிக்க முடியாத ஒரு கோலம்போல் இருந்தது. தெருவில் இன்னும் சகதி காயவில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களோடு வாசலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதிகாலை ஆராதனைக்குப் புறப்பட்டபோதும் அது எரிந்துகொண்டிருந்தது. என் வாழ்நாளில் நான் கண்ட கிறிஸ்துமஸ் அலங்காரங்களில் அதற்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன்.

கடைக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. பண்டிகைக் காலத்து விற்பனையை நம்பி ஆண்டு முழுவதும் கடன் வாங்கிக் காத்திருக்கும் சிறு வியாபாரிகளை நானும் அறிவேன். விளக்குகளும் தோரணங்களும் அவர்களிடம் வாங்குவோம். வெளியூரில் வேலை பார்த்துவிட்டு 23-ஆம் தேதி இரவு ரயிலில் வந்திறங்கும் பிள்ளைகளுக்கு மூங்கில் சீவ நேரம் ஏது என்பதும் எனக்குப் புரிகிறது. என் மகனே அப்படித்தான் வருகிறான். நட்சத்திரம் ஒன்றை மட்டுமாவது வீட்டில் இருப்பவர்கள் கட்டத் தொடங்கி, கடைசிக் கைக்குக் காகிதம் ஒட்டும் வேலையை வருகிறவர்களுக்காக விட்டுவைக்கலாம். எங்கள் வீட்டில் இந்த ஆண்டு அப்படிச் செய்யப்போகிறோம். இரண்டு சிம்புகளுக்கு நார் கட்டும் வேலை என் விரல்களுக்கு முடியாது; அதைப் பேத்தி செய்வாள்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் வாலிபர் ஐக்கியத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அட்வெந்தின் நான்கு ஞாயிறுகளில் ஒரு வகுப்பையாவது இதற்கு ஒதுக்குங்கள். மூங்கில் கிடைக்காத இடத்தில் காய்ந்த பனைமட்டையின் சிம்பு போதும், பசைக்கு ஒரு கை மாவு போதும். ஊரில் நார் கிழிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் இருப்பார், அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வெளிச்சத்துக்கு ஒன்பது வாட் பல்பு தாராளம். மெழுகுவர்த்தியைக் காகித நட்சத்திரத்துக்குள் வைக்கப் பிள்ளைகளை ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பண்டிகைக்கு முன் வரும் சிறுவர் பகுதியில், நட்சத்திரம் கட்டும் முறையைப் படத்துடன் வெளியிட்டு உதவ வேண்டும். என் தகப்பனாரின் அளவுகளைப் பென்சிலால் வரைந்த தாள் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூலத்தாள் மிகவும் பழுத்துவிட்டதால், இது நான் எடுத்த நகல். இரண்டடிச் சிம்பில் கோடு போட வேண்டிய இடத்தை மட்டும் சிவப்பு மையால் அழுத்திக் குறித்திருக்கிறேன். அச்சிடும்போது அந்த இடம் மங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பாளையங்கோட்டை.